அறிவுசார் சொத்துரிமையில் சர்வதேச முதுகலை: நான்கு வருட டிரேட்மார்க் வேலைக்குப் பிறகு போகலாமா?

ஆவணக்கட்டு (கேள்வி)

வணக்கம். சட்டப் படிப்பு முடிந்த நாளிலிருந்து நான்கு வருடமாக டிரேட்மார்க் வேலைதான் பார்க்கிறேன். விண்ணப்பம் போடுவது, பதிவு அலுவலகத்தின் ஆய்வறிக்கைக்குப் பதில் எழுதுவது, எதிர்ப்பு மனு வந்தால் பயன்பாட்டுக்கான ஆதாரங்களைத் திரட்டுவது, அப்புறம் கடந்த இரண்டு வருடமாக மாட்ரிட் முறையில் (ஒரே சர்வதேச விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கிற முறை) பல நாடுகளுக்குப் போகிற விண்ணப்பங்களைப் பின்தொடர்வது. வேலை பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே சின்னம், ஒரே பொருள் பட்டியல், பத்து நாடுகளுக்குப் போகிறது. ஏழு நாடுகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன, இரண்டு நாடுகள் தனித்தன்மை (மற்றவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் திறன்) போதாது என்கின்றன, ஒன்று வேறு எதையோ சொல்லி நிறுத்திவைக்கிறது. ஏன் என்று அங்குள்ள ஏஜென்ட்டிடம் கேட்டால் ‘இங்கே நடைமுறை அப்படி’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே நான் கட்சிக்காரருக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் அறிவுசார் சொத்துரிமையில் ஒரு சர்வதேச எல்எல்எம் (சட்ட முதுகலை) படிக்கலாமா என்று ஆறு மாதமாக யோசனை. மூனிக், லண்டன், டூரின், அலிகாண்டே என்று பாடத்திட்டங்களைத் திறந்து திறந்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமை) பெரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. எனக்கு அறிவியல் பின்னணி கொஞ்சமும் இல்லை, பள்ளியோடு வேதியியலை விட்டவள் நான். வகுப்பில் மூழ்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதோடு, வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் நேரில் போய்ப் படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே இணையவழியில் படிப்பதா என்பதும் புரியவில்லை. படித்து முடித்தால் அந்த நாட்டிலேயே இந்தத் துறையில் வேலை செய்ய முடியுமா? ஆய்வுக்கட்டுரைக்கு இப்போதைக்கு ‘செயற்கை நுண்ணறிவும் காப்பிரைட்டும்’ என்று மனதில் வைத்திருக்கிறேன். படித்தவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

தாழ்வாரம்

நான் நேரில் போய் ஒரு வருடம் படித்தவன். அதற்கு முன் ஆறு வருடம் நீதிமன்ற வேலை, பெரும்பாலும் காப்பிரைட் வழக்குகள். உங்களைப் போலவே பேட்டன்ட் என்றால் ஒதுங்கிப் போகிற ஆள். அதனால் அந்தப் பயத்தைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது வாரத்தில் ஆசிரியர் ஒரே ஒரு கிளெய்மை (பேட்டன்ட்டில் எதற்கெல்லாம் உரிமை கோருகிறோம் என்று சொல்லும் வாசகம்) மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார், ஐந்து வரி. மூன்று பொருள்கள் சேர்ந்த ஒரு கலவை, அவ்வளவுதான். ‘இதை யாரெல்லாம் மீறுகிறார்கள்?’ என்று கேட்டார். வகுப்பில் இருந்த வேதியியல் பட்டதாரி அந்தப் பொருள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவரை நிறுத்திவிட்டு, முதல் வரியில் இருந்த ‘காம்ப்ரைசிங்’ என்ற சொல்லின் கீழ் கோடு போடச் சொன்னார் ஆசிரியர். அந்தச் சொல் இருந்தால் கலவையில் அந்த மூன்றும் இருந்தாலே போதும், நாலாவதாக எதைச் சேர்த்தாலும் கிளெய்முக்குள் மாட்டிக்கொள்வார்கள். அதே இடத்தில் ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று எழுதியிருந்தால், மூன்று மட்டுமே என்று பொருள், நாலாவதைச் சேர்த்தவர் பொதுவாகத் தப்பித்துவிடுவார். ஒரு மருந்தின் மொத்தச் சந்தையும் ஒரு வினைச்சொல்லில் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதைப் படிக்க வேதியியல் தேவைப்படவில்லை. ஒரு சொல்லை முறைத்துப் பார்க்கிற பொறுமைதான் தேவைப்பட்டது, அது நான்கு வருடம் ஆய்வறிக்கைக்குப் பதில் எழுதிய உங்களிடம் நிச்சயம் இருக்கும். தொழில்நுட்பம் தெரியாத இடத்தில் பக்கத்தில் இருக்கிற பொறியாளரைக் கேட்கலாம், அவர் ‘ஒப்பந்தத்தில் இந்த விதிக்கு என்ன அர்த்தம்’ என்று உங்களைக் கேட்பார். எங்கள் வகுப்பு அப்படித்தான் ஓடியது: ஒரு பேட்டன்ட் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்தவர், இரண்டு பொருளாதாரக்காரர்கள், ஒரு உயிரியல் ஆள், மற்றவர்கள் வக்கீல்கள். மூனிக்கில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனமும் ஆக்ஸ்பர்க், மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய படிப்பில் சட்டம் படிக்காதவர்களையும் சேர்க்கிறார்கள். காரணம் இந்தக் கலவைதான்.

இனி ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு வருகிறேன், உங்கள் அரிப்புக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரு பேட்டன்ட் என்று எதுவும் கிடையாது, உலக டிரேட்மார்க்கும் கிடையாது. 1883 பாரிஸ் உடன்படிக்கை (பேட்டன்ட், டிரேட்மார்க் போன்றவற்றுக்கு), 1886 பெர்ன் உடன்படிக்கை (காப்பிரைட்டுக்கு), 1995 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் (உலக வர்த்தக நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம்) என்று மேலே ஒரு கூரை இருக்கிறது, கீழே ஒவ்வொரு நாடும் தன் சுவரைத் தானே கட்டிக்கொள்கிறது. டாபஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் டாபஸ் என்கிற செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தின் பெயரைப் போட்டு, ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் விண்ணப்பித்தார்கள். தென்னாப்பிரிக்கா 2021-இல் பேட்டன்ட் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகமும் அமெரிக்காவும் மறுத்தன. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் ‘கண்டுபிடித்தவர் மனிதராக இருக்கவேண்டும்’ என்று முடித்துவைத்தது. பத்திரிகையில் படித்தால் தென்னாப்பிரிக்கா ஏதோ புரட்சி செய்துவிட்டது போல இருக்கும். உண்மையில் அங்கே விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து பார்க்கிற நடைமுறை அப்போது இல்லை, படிவங்கள் சரியாக இருந்தால் பேட்டன்ட் கிடைத்துவிடும். முடிவு ஏன் வேறாக வந்தது என்பதை அந்த நாட்டு நடைமுறையின் உள்ளே போய்த் தேட வேண்டும். ஒரு வருடம் முழுக்க இதே பழக்கம்தான். அப்புறம் ‘இங்கே நடைமுறை அப்படி’ என்ற பதிலோடு நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நான் சேர்ந்ததே ஒரு விருப்பப் பாடத்துக்காக, மருந்து பேட்டன்ட்டும் பொதுச் சுகாதாரமும் பற்றியது. கையேட்டில் அழகாக அச்சடித்திருந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வருடம் அதை நடத்தவில்லை என்று தெரிந்தது. மிகவும் வருத்தமாக இருந்தது, இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கையேட்டை நம்பாதீர்கள், ‘வருகிற வருடம் எந்தெந்தப் பாடம் உறுதியாக நடக்கும், யார் எடுக்கிறார்கள்’ என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள்.

கருவிப்பெட்டி

நான் எதிர்ப்பக்கத்து ஆள், இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு பேட்டன்ட் வரைவு வேலைக்கு வந்தவன். தாழ்வாரம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் வேலை பற்றிய உங்கள் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், அதனால் நேராகவே சொல்கிறேன்: எல்எல்எம் என்பது ஒரு பட்டம், தொழில் செய்வதற்கான அனுமதி இல்லை.

ஐரோப்பிய பேட்டன்ட் அட்டர்னி ஆகவேண்டும் என்றால் அதற்குத் தனித் தகுதித் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வில் உட்காரவே அறிவியல் அல்லது பொறியியல் பின்னணியும், தொழிலில் பயிற்சியும் வேண்டும். அமெரிக்காவிலும் பேட்டன்ட் அலுவலகத்தின் பதிவுத் தேர்வுக்குத் தொழில்நுட்பத் தகுதி கேட்பார்கள், அங்கே சட்டப் பட்டம் இல்லாமலேயே பேட்டன்ட் ஏஜென்ட் ஆனவர்கள் நிறைய. ஆக எத்தனை எல்எல்எம் வாங்கினாலும் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, நீங்கள் போக நினைப்பதும் அந்தக் கதவு வழியாக இல்லை. டிரேட்மார்க், டிசைன், உரிம ஒப்பந்தங்கள், வழக்கு, கொள்கை வேலை என்று உங்களுக்கான இடம் பெரியது. ஆனால் ஒரு வெளிநாட்டில் வழக்கறிஞராக நிற்க அந்த நாட்டு வழக்கறிஞர் குழுமத்தின் விதிகள் தனி. எந்த நாட்டில் வேலை செய்ய ஆசையோ அந்த விதியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் கல்லூரியைத் தேடுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு கடைசி மாதத்தில் தவிக்கிறார்கள்.

இதைப் படிக்கிற அறிவியல் பட்டதாரிகளுக்கும் ஒன்று. பிரிட்டனில் பேட்டன்ட் அட்டர்னி ஆகிற எண்ணம் இருந்தால், லண்டன் குயின் மேரியில் அறிவுசார் சொத்துரிமை மேலாண்மை என்று ஒரு எம்எஸ்சி இருக்கிறது, அதை முடித்தால் அடிப்படைநிலைத் தேர்வுகளிலிருந்து விலக்கு கிடைக்கும். அது எல்எல்எம் இல்லை. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் விண்ணப்பிக்கும்போது நிதானமாகப் பாருங்கள்.

இரவுவிளக்கு

நேரிலா இணையவழியா என்ற கேள்விக்கு நான் எழுதுகிறேன். வேலையில் இருந்துகொண்டே இணையவழியில் எல்எல்எம் முடித்தவள், இரண்டு வருடம் ஆனது.

முதலில், இது இரண்டில் ஒன்று என்று நினைக்காதீர்கள். நடுவழியும் இருக்கிறது. வைப்போ (உலக அறிவுசார் சொத்து நிறுவனம்) நடத்தும் அகாடமி பல பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து முதுகலைப் படிப்புகளை நடத்துகிறது: டூரின், பிரிஸ்பேன், ஷாங்காய், ஜிம்பாப்வேயில் முதாரே என்று பல இடங்களில். டூரினில் முதல் பகுதி இணையவழி, அப்புறம் சில மாதங்கள் நேரில், கடைசியில் ஆய்வுக்கட்டுரை. வேலையை ஒரு வருடம் முழுதாக விடமுடியாதவர்களுக்கு இந்த அமைப்பு வசதி. வளரும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சில உதவித்தொகைகளும் உண்டு, ஆனால் அதற்கான கடைசித் தேதி சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முன்பாகவே முடிந்துவிடலாம், அதைக் கவனியுங்கள்.

முழு இணையவழியில் எனக்குக் கிடைத்ததும் கிடைக்காமல் போனதும் சொல்கிறேன். பாடம் குறைவில்லை. தீர்ப்புகள், கட்டுரைகள் எல்லாம் அதேதான். பகலில் அலுவலகத்தில் உரிம ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்துவிட்டு இரவில் அதே பிரச்சினையைப் பாடத்தில் படிக்கும்போது நன்றாக ஒட்டிக்கொண்டது, அது நேரில் படிப்பவர்களுக்கு வாய்க்காது. கிடைக்காமல் போனது மனிதர்கள். தாழ்வாரம் சொன்னாரே பக்கத்து நாற்காலிப் பொறியாளர், அப்படி ஒருவர் எனக்கு இல்லை. வாரம் பதினைந்து மணி நேரம் படிப்புக்கு என்று ஒதுக்கியிருந்தேன், ஆய்வுக்கட்டுரை மாதங்களில் அது போதவே இல்லை, சனி ஞாயிறு முழுக்கப் போனது. ஒரு முறை ஒரு நீதிமன்றக் கெடுவும் கட்டுரைக் கெடுவும் ஒரே வாரத்தில் வந்து, அழுதே விட்டேன். வீட்டிலும் அலுவலகத்திலும் முன்கூட்டியே பேசி வைக்காமல் இதில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, விண்ணப்பம் போடும் முன் வைப்போவின் டிஎல்-101 என்கிற அடிப்படைப் பாடத்தை இணையத்தில் செய்து பாருங்கள், இலவசம். நான்கு வருட அனுபவம் உள்ள உங்களுக்குப் பாதி தெரிந்ததாகத்தான் இருக்கும். ஆனால் பேட்டன்ட், டிசைன், புவிசார் குறியீடு பகுதிகளைப் படிக்கும்போது ஆர்வம் கூடுகிறதா, சலிப்பு வருகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் முடிவெடுங்கள்.

ஆவணக்கட்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கிளெய்ம் கதையை இரண்டு முறை படித்தேன். பயம் பாதி குறைந்துவிட்டது. வெளிநாட்டில் வழக்கறிஞராக நிற்கிற எண்ணம் எனக்கு இல்லை, திரும்பி வந்து இதே வேலையை இன்னும் தெளிவோடு செய்யத்தான் ஆசை. அதனால் கருவிப்பெட்டி சொன்ன சிக்கல் எனக்குக் குறைவு என்று நினைக்கிறேன். ஆய்வுக்கட்டுரைத் தலைப்பைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே, சேர்க்கைக் கடிதத்தில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

தாழ்வாரம்

சொல்லாமல் விட்டது என் தவறு. ‘செயற்கை நுண்ணறிவும் காப்பிரைட்டும்’ என்பது ஒரு நூலகத்தின் பெயர், கட்டுரையின் தலைப்பு ஆகாது. என் வகுப்பிலும் நாலு பேர் அப்படித் தொடங்கினார்கள், அதில் மூன்று பேர் பாதியில் மாற்றிக்கொண்டார்கள். அந்தத் துறைதான் வேண்டும் என்றால் ஒரே ஒரு விதியைப் பிடியுங்கள். உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 காப்பிரைட் உத்தரவில் 4-வது விதி. தரவுகளை இயந்திரம் அலசிப் படிக்க அனுமதி தருகிறது, ஆனால் உரிமையாளர் ‘வேண்டாம்’ என்று தகுந்த முறையில் சொல்லிவிட்டால் அனுமதி இல்லை. இணையத்தில் உள்ளவற்றுக்கு அந்த ‘வேண்டாம்’ இயந்திரம் படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்கவேண்டும் என்கிறார்கள். சரி, தளத்தின் நிபந்தனைப் பக்கத்தில் சாதாரண வாக்கியமாக எழுதி வைத்தால் அது இயந்திரம் படிக்கக்கூடியதா? 2024 செப்டம்பரில் ஹாம்பர்க் நீதிமன்றம் ஒரு புகைப்படக்காரரின் வழக்கில் வேறு விதியை வைத்துத் தீர்த்துவிட்டு, போகிற போக்கில் இதையும் தொட்டுப் பேசியது. இந்த ஒரு கேள்வியே அறுபது பக்கம் தாங்கும்.

பழையபதிவேடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மாட்ரிட் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கடைசியாகச் சொன்ன விஷயத்தில் மட்டும் தலையிடுகிறேன். ஆவணக்கட்டு, உங்கள் முதல் பத்தியை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். தலைப்பு அங்கேயே இருக்கிறது, காப்பிரைட் பக்கம் ஏன் போகிறீர்கள்?

ஒரே சின்னம் ஏன் ஒரு நாட்டில் நுழைகிறது, இன்னொன்றில் நுழையவில்லை என்பது உங்கள் கேள்வி. பாரிஸ் உடன்படிக்கையில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது, 6 குவின்க்வீஸ் என்பார்கள். சொந்த நாட்டில் முறையாகப் பதிவான சின்னத்தை மற்ற உறுப்பு நாடுகள் ‘உள்ளது உள்ளபடியே’ ஏற்கவேண்டும், சில காரணங்களுக்காக மட்டும் மறுக்கலாம். தனித்தன்மை இல்லாமை, மூன்றாம் நபரின் உரிமை, பொது ஒழுங்குக்கு முரண் என்று அந்தக் காரணங்கள் சில வரிகளில் அடங்கிவிடும். மாட்ரிட் முறைக்கு அடிப்படையான ஒப்பந்தமான மாட்ரிட் நெறிமுறையின் 5-வது விதியும் அதையே கையில் எடுக்கிறது: பாரிஸ் உடன்படிக்கையின்படி எந்தக் காரணங்கள் செல்லுமோ அவற்றை வைத்து மட்டும்தான் ஒரு நாட்டு அலுவலகம் மறுப்பு அனுப்பலாம். உங்கள் மேசைக்கு வருகிற ஒவ்வொரு மறுப்பு அறிவிப்பும் இந்த வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அப்படியென்றால் ஏழு நாடு ஏற்றதை எட்டாவது நாடு எப்படித் தள்ளுகிறது? ‘உள்ளது உள்ளபடியே’ என்பதற்கு எவ்வளவு இடம் என்பதில்தான் சண்டை. ஹவானா கிளப் என்ற ரம் சின்னத்தை ஒட்டி ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கா மீது உலக வர்த்தக நிறுவனத்தில் தொடுத்த வழக்கை எடுத்துப் படியுங்கள். மேல்முறையீட்டு அமைப்பு 2002-இல், இந்த விதி சின்னத்தின் வடிவத்தைப் பற்றியது மட்டுமே, உரிமையாளர் யார் என்பது போன்ற மற்ற நிபந்தனைகளை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்றது. 19-ஆம் நூற்றாண்டில் கொடுத்த ஒரு வாக்குறுதி இப்படிச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் சரியா என்று கேட்பதற்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. தனித்தன்மையும் அப்படித்தான், ஒரு சொல் ஒரு மொழியில் பொருளை விவரிக்கும், இன்னொரு மொழியில் வெறும் ஒலி. ஒரே சின்னத்துக்கு இரண்டு முடிவு வந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

கட்சிக்காரர் பெயர் எதுவும் வெளிவராத அளவில், நீங்கள் பார்த்த மறுப்புகளை வகைபிரித்து, இரண்டு அல்லது மூன்று நாட்டு அலுவலகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினால், அது வேறு யாராலும் எழுதமுடியாத கட்டுரை. மறுப்புகள் வைப்போவின் மாட்ரிட் மானிட்டர் தளத்தில் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன, அவற்றை வைத்தே செய்யலாம், ரகசியச் சிக்கலும் வராது.

ஆவணக்கட்டு

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 5-வது விதியை நூறு முறையாவது பார்த்திருப்பேன், காலக்கெடுவைக் கணக்குப் போடுவதற்காக மட்டும். பாரிஸ் உடன்படிக்கை என்று அதில் எழுதியிருப்பது கண்ணில் பட்டதே இல்லை. இப்போதுதான் வைப்போ லெக்ஸ் தளத்தில் 6 குவின்க்வீஸைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் மானிட்டரில் உட்கார்ந்து ஒரு இருபது மறுப்பையாவது பிரித்துப் பார்க்கிறேன், எந்தக் காரணத்தில் எத்தனை விழுகிறது என்று. நேரில் படிக்கும் பகுதி உள்ள படிப்பாகத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன். சேர்க்கைக் கடிதத்தின் வரைவு தயாரானதும் தலைப்பு வருகிற பத்தியை மட்டும் இங்கே போடுகிறேன், பழையபதிவேடு ஐயா, நேரம் இருந்தால் அவசியம் பார்த்துச் சொல்லுங்கள்.